மாவு தீர்ந்த காலையில் ஃபிரெஞ்ச் டோஸ்ட்: எந்த ரொட்டி, எவ்வளவு பால்?

எங்கள் வீட்டில் யாராவது பிரெட் பாக்கெட்டோடு படியேறினால் மாமியார் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்கு உடம்பு சரியில்ல?" தண்டையார்பேட்டையிலேயே பிறந்து தண்டையார்பேட்டையிலேயே வாழ்க்கைப்பட்டவர். அவர் கணக்கில் ரொட்டி காய்ச்சல்காரர் சாப்பாடு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு கையில் ஆப்பிள், இன்னொரு கையில் ரொட்டி. பாலில் தோய்த்து நாலு வாய் ஊட்டிவிட்டு வர வேண்டும். நன்றாக இருக்கிற மனிதர் காலையில் எழுந்து ரொட்டி தின்பதில் அவருக்கு இன்றைக்கும் உடன்பாடு கிடையாது.

முட்டையில் தோய்த்துக் கல்லில் போட்டு எடுத்த ரொட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை ஃபிரெஞ்ச் டோஸ்ட் என்று சொல்லக்கூடாது, பாம்பே டோஸ்ட் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கும் அந்தப் பெயர்தான் பழக்கம். அப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்தார். கூட வேலை செய்த ஆங்கிலோ இந்தியர் ஒருவரின் டிபன் டப்பாவில் ருசி பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் செய்யச் சொன்னாராம். அம்மா செய்தது பாதி ஆம்லெட், பாதி ரொட்டி. அதைத் தின்றுதான் நான் ஸ்கூலுக்குப் போனேன்.

போன மாதம் கொடுங்கையூரிலிருந்து நாத்தனார் போன் பண்ணினாள். "அண்ணி, நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். மேல நல்லா செவந்துடுச்சு. உள்ள இன்னா இது, களி மாதிரி கொழகொழன்னு இருக்கு? புள்ளைங்க ஓரத்த மட்டும் கடிச்சிட்டு எழுந்துடுச்சுங்க."

என்ன ரொட்டி, எத்தனை முட்டை, எவ்வளவு பால், எவ்வளவு நேரம் ஊறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாக்கெட் பிரெட், அன்று காலையில் வாங்கியது. முட்டை இரண்டு. பால் ஒரு டம்ளர். "நல்லா ஊறட்டும்னு ரெண்டு நிமிஷம் விட்டேன் அண்ணி." தீ பெரிதாக. ஸ்கூல் வேன் வரும் நேரமாயிற்றே. தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் தப்பில்லை. ஊற வைப்பதும் சரி, பால் ஊற்றுவதும் சரி, ஆனால் அந்த ரொட்டிக்கு அல்ல. நான் சொன்ன செய்முறை வேறு ரொட்டிக்கானது. அதைச் சொல்ல மறந்தது என் தப்பு.

அதற்கப்புறம் நாலைந்து வாரம், வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். இந்தப் பலகாரத்தில் முக்கால்வாசி முடிவு கடையிலேயே, ரொட்டி வாங்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. அதனால் ரொட்டியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

எங்கள் பக்கம் கிடைப்பவை மூன்று. மளிகைக் கடையில் தொங்கும் 400 கிராம் பாக்கெட் பிரெட். பேக்கரியில் வெட்டாமல் அடுக்கியிருக்கும் முழு ரொட்டி. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பன். வெளிநாட்டுச் செய்முறைகளில் வெண்ணெயும் முட்டையும் தாராளமாகப் போட்டுச் சுட்ட பிரியோஷ் என்ற ரொட்டியைச் சொல்வார்கள். அதற்காக நகரத்தின் அந்தக் கோடிக்கு வண்டி எடுத்துக்கொண்டு போக நான் தயாராக இல்லை.

பாக்கெட் பிரெட்டில் ஒரு வசதி, வெட்டும் வேலை இல்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே நேரத்தில் வேகும். அதன் கெட்ட குணம் உறையிலேயே அச்சடித்திருக்கிறது. பொருட்கள் பட்டியலில் 471, 481 என்று எண்கள் இருக்கும். ரொட்டியைப் பல நாள் மிருதுவாக வைத்திருக்கும் பொருட்கள் அவை. 282 என்று இருந்தால் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் பொருள். அப்படியே சாப்பிட இந்த மிருது நல்லது. முட்டைப்பாலில் போட்டால் அதே மிருதுதான் எதிரி. பஞ்சு மாதிரி ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்டு, தூக்கும்போது நடுவில் மடிந்து, தோசைத்திருப்பியில் பாதியும் கிண்ணத்தில் பாதியுமாக நிற்கும்.

பேக்கரி முழு ரொட்டியின் கதை வேறு. வாங்கப் போனால் பையன் கேட்பான், "ஸ்லைஸ் போடட்டுமாக்கா?" வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெஷினில் போட்டால் பாக்கெட் பிரெட் கனத்துக்குத்தான் வெட்டித் தருவான். முழுசாக வாங்கி வந்து, பல்லுள்ள கத்தியால் கட்டைவிரல் அகலத்துக்கு நீங்களே வெட்ட வேண்டும். கத்தியை அழுத்தக்கூடாது, ரம்பம் மாதிரி இழுக்க வேண்டும். அழுத்தினால் ரொட்டி நசுங்கி, நசுங்கிய இடத்தில் பால் இறங்காது. வெட்டிய முகத்தைப் பார்த்தால் இதில் ஓட்டைகள் ஒரே சீராக இருக்காது, அங்கங்கே பெரிதும் சிறிதுமாக இருக்கும். அந்த ஓட்டைகளில்தான் முட்டைப்பால் போய் உட்கார்ந்து, வெந்ததும் கஸ்டர்டு மாதிரி இறுகும். நாத்தனாருக்கு நான் சொன்ன இரண்டு நிமிஷக் கணக்கு இந்த ரொட்டிக்கானது.

பன்னைக் குறுக்கே இரண்டாக அறுத்துச் செய்தால் ருசி பிரமாதம், ஏனென்றால் அதில் ஏற்கனவே இனிப்பு இருக்கிறது. அந்த இனிப்பினாலேயே சீக்கிரம் கருகும். வெளிப்பக்கத் தோல் பாலைக் குடிக்காது, அறுத்த பக்கம் மட்டும் குடிக்கும். ஒருவருக்குச் செய்யலாம், வீட்டுக்கே செய்யச் சரிப்படாது.

சரி, ரொட்டியின் வயசுக்கு வருவோம். ஃபிரெஞ்சுக்காரர்கள் இதை ஃபிரெஞ்ச் டோஸ்ட் என்று சொல்வதில்லை. அவர்கள் வைத்த பெயர் 'பான் பெர்தூ', வீணாய்ப்போன ரொட்டி. ஜெர்மன்காரர்கள் 'ஆர்மே ரிட்டர்', அதாவது ஏழை வீரர்கள் என்கிறார்கள். எல்லா ஊரிலும் இது பழைய ரொட்டியைக் காப்பாற்ற வந்த வழி. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரொட்டி ஆறியதிலிருந்தே அதன் மாவுச்சத்து மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வரும். இறுகிய ரொட்டி பாலை வாங்கிக்கொண்டாலும் உருவம் குலையாமல் நிற்கும். புது ரொட்டிக்கு அந்தத் தெம்பு கிடையாது.

செய்முறைகளில், 'துண்டுகளை ராத்திரி வெளியே பரப்பி வையுங்கள், காலையில் காய்ந்திருக்கும்' என்று எழுதியிருப்பார்கள். அது குளிர் ஊர்க்காரர்கள் எழுதியது. காசிமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு இதை நான் செய்து பார்த்தேன். ஐப்பசி மாதம். தட்டில் பரப்பி மேலே மெல்லிய துணி போட்டு வைத்தேன். காலையில் எடுத்தால், வைத்ததைவிட ஈரமாக, அப்பளம் நமுத்துப்போன மாதிரி இருந்தது. ஓரத்தில் எறும்பு வரிசை வேறு. உப்பு டப்பாவே தானாகக் கசியும் ஊரில் ரொட்டி எங்கே காயப்போகிறது?

இதற்கு வழி ஃப்ரிட்ஜ். அப்படியே சாப்பிடும் ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதே என்பார்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து மிக வேகமாக இறுகும், வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் பழசாகிவிடும். மற்ற நாளில் கெடுதலாக இருக்கும் இதே விஷயம் நமக்கு இங்கே உதவி. முதல் நாள் ரொட்டி வாங்கி, ராத்திரி வெட்டி, தட்டில் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்துவிட்டால் மறுநாள் காலை பதம் சரியாக இருக்கும். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும். பக்கத்தில் மீன் குழம்புச் சட்டி திறந்தபடி இருக்கக்கூடாது. இதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

முந்தின நாள் மறந்துவிட்டால் காலையிலேயே எண்ணெய் விடாமல் காய்ந்த கல்லில், சின்னத் தீயில், பக்கத்துக்கு ஒரு நிமிஷம் துண்டுகளைப் போட்டெடுங்கள். விரலால் தட்டினால் லேசாகச் சத்தம் வர வேண்டும், நிறம் மாறக்கூடாது. பாக்கெட் பிரெட்டுக்கு இதுதான் பெரிய மருந்து. நாத்தனாருக்கும் முதலில் இதைத்தான் சொன்னேன்.

அடுத்தது பால். எந்தப் பால் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. மூன்றிலும் செய்து பார்த்தேன். ஆரஞ்சில் செய்தது கொஞ்சம் பட்டுப்போல இருந்தது உண்மைதான். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு தின்றால் பச்சையையும் ஆரஞ்சையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு எது வருகிறதோ அதுவே போதும். காய்ச்சி ஆறிய பாலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சூடான பாலில் முட்டையை உடைத்தால் கிண்ணத்திலேயே பொரியல் ஆகிவிடும்.

அளவு இப்படி. பாக்கெட் பிரெட் நாலு துண்டுக்கு இரண்டு முட்டை, பால் 60 மில்லி. அதாவது காபி டம்ளரில் பாதிக்கும் குறைவு. ஒரு பக்கம் வைத்து மூன்று எண்ணுங்கள், திருப்பி மூன்று எண்ணுங்கள், எடுத்துவிடுங்கள். பேக்கரி ரொட்டி கனத்த துண்டு நாலுக்கு அதே இரண்டு முட்டை, பால் 120 முதல் 150 மில்லி வரை. பக்கத்துக்கு ஒரு நிமிஷம் தாராளமாக ஊறலாம். தூக்கிப் பார்த்தால் கனம் ஏறியிருக்க வேண்டும், சொட்டக்கூடாது. நாத்தனார் ஊற்றியது ஒரு டம்ளர், குறைந்தது 150 மில்லி. பாக்கெட் பிரெட்டுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல்.

மேலே சிவந்து உள்ளே கொழகொழவென்று இருந்ததற்குத் தீயும் காரணம். முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இறுகத் தொடங்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் அதைவிட அதிகச் சூடு வேண்டும். மேல்பக்கம் சிவப்பது 140 டிகிரியைத் தாண்டிய கல்லில். தீயைப் பெரிதாக வைத்தால் மேல்பக்கம் ஒரே நிமிஷத்தில் சிவந்து 'எடு எடு' என்கிறது. நடுவில் இருக்கும் முட்டைப்பாலுக்கோ அப்போதுதான் லேசாகச் சூடு தெரிய ஆரம்பித்திருக்கும். அதனால் கல் காய்ந்ததும் தீயைத் தணித்துவிட வேண்டும். கனத்த துண்டுக்குப் பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கடைசியில் ஒரு நிமிஷம் மூடி. நடுவில் திருப்பியால் அழுத்திப் பாருங்கள். பால் கசிந்தால் இன்னும் வேகவில்லை. பஞ்சு மாதிரி அமுங்கி உடனே எழும்பினால் ஆயிற்று. முட்டை சரியாக வேகாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது, அதுவும் சென்னை வெயிலில். மிச்சமான கலவையை மேடையில் விட்டுவைத்து மத்தியானம் பயன்படுத்துவதும் கூடாது.

முட்டைக் கவிச்சி சில பேருக்குப் பெரிய பிரச்சினை. எங்கள் சின்னவள் முட்டை தின்பாள், கவிச்சி என்றால் தட்டைத் தள்ளிவிடுவாள். அடித்த முட்டையை டீ வடிகட்டியில் ஒரு தடவை வடிகட்டினால் கலக்காத வெள்ளைக்கரு நூல்கள் தங்கிவிடும். டோஸ்டில் அங்கங்கே வெள்ளைத் திட்டு நிற்பது இதனால்தான். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஏலக்காய். வெனிலா எசன்ஸ் இருந்தால் நாலு சொட்டு. வெளிநாட்டுக்காரர்கள் பட்டைத்தூள் போடுகிறார்கள் என்று நானும் போட்டேன். "அம்மா, பிரியாணியா?" என்றாள். சொன்னதில் தப்பில்லை. மளிகைக் கடையில் நமக்குக் கிடைக்கும் கனமான பட்டை பெரும்பாலும் காசியா என்ற இன்னொரு வகை, வாசனை தூக்கல். மெல்லிய தாளைச் சுருட்டிய மாதிரி இருக்கும் இலங்கைப் பட்டையில் வாசனை மென்மை. அது கையில் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் ஏலக்காய் போதும்.

முட்டையே வேண்டாம் என்றால்? எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. மற்ற மாதங்களிலும் கிருத்திகை, அமாவாசை என்று நாள் வந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களுக்கு இரண்டு வழி பார்த்தேன். கடலை மாவைப் பாலில் கரைத்துத் தோய்த்துப் போடுவது ஒன்று. தின்ன நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பஜ்ஜியின் தங்கச்சி. இனிப்பு போட்டால் நாக்கு குழம்பிப் போகிறது. உப்பும் மிளகாய்த்தூளும் ஓமமும் போட்டு, அதை வேறு பலகாரமாகவே நினைத்துச் செய்தால் மரியாதை.

இன்னொன்று கஸ்டர்டு பவுடர். அரை டம்ளர் பாலில் ஒரு மேசைக்கரண்டி பவுடர், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, கட்டியில்லாமல் கரைத்துத் தோய்த்தால் நிறமும் வாசனையும் ஏறக்குறைய வந்துவிடும். பவுடர் என்பது சோள மாவும் நிறமும் வாசனையும்தானே. மாவு அடியில் தங்கிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் கலக்கிவிட வேண்டும். என்ன செய்தாலும் முட்டை கொடுக்கும் உப்பல் வராது. முட்டை உள்ளே இறுகித் தூக்கிப் பிடிக்கும், மாவு கெட்டிப்படும், அவ்வளவுதான். அதனால் முட்டையில்லாத டோஸ்டுக்கு மெல்லிய துண்டுதான் சரி. பாக்கெட் பிரெட் ஜெயிக்கிற ஒரே இடம் இது. இரண்டில் எதை என்று கேட்டால் கஸ்டர்டு பவுடர். நெய் மட்டும் கொஞ்சம் தாராளமாக, இல்லையென்றால் கல்லில் ஒட்டும்.

இந்த இடத்தில் மண்ணடிப் பக்கம் கல்யாண வீடுகளில் பிரியாணியோடு வரும் பிரெட் அல்வாவை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே ரொட்டியை முதலில் நெய்யில் பொரித்துவிட்டு அப்புறம்தான் பாலிலும் பாகிலும் போடுகிறார்கள். இங்கே முதலில் ஊறல், அப்புறம் கல். வரிசையை மாற்றினால் ஒன்று அல்வா, இன்னொன்று டோஸ்ட். முட்டையில்லாத நாளில் யாராவது விருந்தாளி வந்தால் நான் டோஸ்டோடு மல்லுக்கட்டாமல் அல்வா பக்கம் போய்விடுவேன்.

இனிப்பா, காரமா? அம்மா செய்தது காரம்தான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, மிளகுத்தூள். பால் ஒரே ஒரு மேசைக்கரண்டி, முட்டையை இளக்க மட்டும். காரத்தில் ஒரு தொந்தரவு உண்டு. தோய்த்துத் தூக்கும்போது வெங்காயமெல்லாம் கிண்ணத்திலேயே நின்றுவிடும், கடைசித் துண்டு மட்டும் வெங்காயக் குவியலோடு வரும். அதனால் ரொட்டியை வெறும் முட்டையில் தோய்த்துக் கல்லில் போட்டபிறகு, மேலே வெங்காயக் கலவையைக் கையால் தூவி, கரண்டி முதுகால் லேசாக அழுத்தி, திருப்பிப் போட வேண்டும். திருப்பியதும் ஊத்தப்பம் வாசனை வரும். மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் அவருக்கு எப்போதும் இதுதான். மைதா ரொட்டிக்குப் பதில் கோதுமை ரொட்டி போட்டாலும் காரத்தில் வித்தியாசம் தெரிவதில்லை. இனிப்பில் நன்றாகத் தெரியும், அந்தத் தவிட்டு ருசி பாலோடு ஒட்டாமல் தனியே நிற்கும். ஒரே வீட்டில் இரண்டும் செய்ய வேண்டுமென்றால் இனிப்பை முதலில் போட்டுவிடுங்கள். வெங்காயம் பட்ட கல்லில் இனிப்பைப் போட்டால் யாருக்கும் பிடிக்காது.

கல்லைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. தோசை வார்க்கும் இரும்புக் கல்லில் இதைச் செய்யாதீர்கள். சர்க்கரை பிடித்து மறுநாள் முதல் மூன்று தோசை வராது, வீட்டில் பேச்சு கிடைக்கும். ஆம்லெட்டுக்கென்று தனிக் கல் இருந்தால் அது, இல்லையென்றால் நான்ஸ்டிக். கொழுப்பில் எனக்குப் பிடித்தது பாதி வெண்ணெய் பாதி எண்ணெய். வெண்ணெய் மட்டும் போட்டால் அதிலுள்ள பால்சத்து கருகிக் கறுப்புப் புள்ளியாக ஒட்டும். நெய் கருகாது, ஆனால் நெய்வாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

சர்க்கரையைக் கலவையில் போடுவதா, மேலே போடுவதா என்பதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. கலவையில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், சீக்கிரம் கருக்கும். டோஸ்ட் வெந்து முடிந்ததும் மேலே அரைத் தேக்கரண்டி சர்க்கரையைப் பரவலாகத் தூவி, அந்தப் பக்கத்தைக் கல்லில் கவிழ்த்து அரை நிமிஷம் விடுங்கள். முதலில் ஒரு சீறல் கேட்கும், அப்புறம் சத்தம் அடங்கிக் கடலைமிட்டாய் பாகு காய்ச்சும் வாசனை வரும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். தட்டில் வைத்து ஒரு நிமிஷம் ஆறினால் மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஏடு. கரண்டியால் தட்டினால் உடையும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் டோஸ்ட் கேட்பதே அதைத் தட்டி உடைப்பதற்குத்தான்.

மேலே ஊற்ற மேப்பிள் சிரப் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு லிட்டர் சிரப்புக்கு ஏறக்குறைய நாற்பது லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சுகிறார்கள், அதனால்தான் அந்த விலை. நம் கருப்பட்டியும் பதநீரைக் காய்ச்சி எடுப்பதுதான். கருப்பட்டியைத் தட்டிக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, விரலில் ஒட்டும் பதத்துக்குக் காய்ச்சி ஊற்றினால் சிரப்பை நான் தேடமாட்டேன். பழம் வேண்டுமென்றால் நன்றாகக் கனிந்த கற்பூரவள்ளியை நறுக்கி, டோஸ்ட் எடுத்த கல்லிலேயே ஒரு புரட்டு.

ஆக, ஸ்கூல் நாளென்றால் எங்கள் வீட்டில் பாக்கெட் பிரெட்தான். காலையில் காய்ந்த கல்லில் வாட்டி, பால் குறைத்து, மூன்று எண்ணித் தோய்த்து, எட்டுத் துண்டை இருபது நிமிஷத்தில் முடித்துவிடலாம். ஆனால் அது எனக்கு வேலை முடிந்த திருப்தியைத்தான் தரும், தின்ற திருப்தியை அல்ல. ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே, தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்து வரும் வழியில், பேக்கரியில் முழு ரொட்டி வாங்கிவிடுவேன். நாலு பேருக்கு ஒரு ரொட்டி, நாலு முட்டை, கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பால். ஒரு ஹோட்டலில் நாலு பேர் டிபன் சாப்பிடும் செலவில் பாதிகூட ஆகாது. வெறும் இட்லியோடு ஒப்பிட்டால் இது செலவு அதிகம்தான், வயிறும் பதினோரு மணிக்கே கேட்கும். தினமும் செய்கிற பலகாரம் இல்லை இது.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி நாத்தனார் மறுபடியும் போன் பண்ணினாள்.

"அண்ணி, பேக்கரி ரொட்டி வாங்கி, கனமா வெட்டி, ஃப்ரிட்ஜுல வெச்சிட்டேன். காலைல போட்டுடட்டா?"

"நாளைக்கு இட்லி ஊத்து. இத நாளன்னைக்குப் போடு."

"அய்ய, பழசாயிடாதா?"

"ஆவட்டும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி அண்ணி, மீன் கொழம்ப மூடி வெச்சிட்டேன்" என்றாள்.